மூணு தட்டு

அந்த ஓட்டலில் அவளுக்கு மூணுதட்டு என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது, ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது. அறைக் கதவை அவள் மூன்று முறைதான் தட்டுவாள். இரண்டு தட்டினால் உள்ளே தூங்குகிறவர் கனவு என்று நினைத்துப் புரண்டு படுத்துவிடுவார். நான்கு தட்டினால் போலீஸ் வந்துவிட்டதோ என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆகவே மூன்று. தட்டிவிட்டு, "ஹவுஸ்கீப்பிங்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரலில் கெஞ்சலும் இருக்காது, அதட்டலும் இருக்காது. பத்தொன்பது வருடம் தட்டித் தட்டி வலது கை நடுவிரல் முட்டி காய்த்துப் போயிருந்தது.

அவள் வேலைக்கு வந்த கதையே வேடிக்கை. நாத்தனாருக்குப் பிரசவம், இரண்டே வாரம் அவள் இடத்தில் நின்று சமாளித்துக் கொடு என்று புருஷன் கேட்டான். சரி என்று வந்தாள். நாத்தனார் பெற்ற பிள்ளை இப்போது மீசை முளைத்துக் கல்லூரிக்குப் போகிறான், அந்த இரண்டு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. "என் வேலையப் பிடுங்கிக்கிட்டவ" என்று நாத்தனார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள், சிரித்துக்கொண்டேதான்.

எதற்கெடுத்தாலும் துள்ளிக் குதிக்கிற சுபாவம் அவளுக்கு. தரை துடைக்கப் புது மாப் வந்தால் ஒரு வாரம் வீட்டில் அதே பேச்சு. அறையில் இருக்கிற சாமான்களோடு வாய் ஓயாமல் பேசுவாள். தலையணையைத் திட்டுவாள், திரைச்சீலையைக் கொஞ்சுவாள், கண்ணாடியில் பற்பசை தெறித்திருந்தால் அதனிடம் நியாயம் கேட்பாள். ஆனால் அவளுக்கு உயிர் டீ ட்ரேதான். நாலு மாடி, அறுபத்து நாலு அறை. மூன்றாம் மாடியின் பதினாறு அறை அவள் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் சின்ன ஃப்ரிட்ஜின் தலைமேல் ஒரு ட்ரே இருக்கும். கெட்டில், இரண்டு கோப்பை, டீ, காப்பி, பால்பவுடர், சர்க்கரைப் பொட்டலங்கள். கெட்டிலின் கைப்பிடி வலப்பக்கம் பார்க்க வேண்டும், கோப்பைகள் கவிழ்ந்திருக்க வேண்டும், பொட்டலங்கள் விசிறி மாதிரி விரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வாரம் ஒருமுறை மேனேஜர் சுற்றிப் பார்க்க வரும்போது மூன்றாம் மாடி ட்ரேக்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். வாய் திறந்து ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. அவள் அபிப்பிராயம் என்ன என்று பத்தொன்பது வருடத்தில் எந்த மகராசனும் கேட்டதுமில்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. மேனேஜர் வயதானவர், ஓட்டலில் எல்லோரையும் 'ம்மா', 'ப்பா' போட்டுப் பேசுகிறவர். அன்றைக்கு அவர் கிளை விடுதியின் பழுதுவேலையைப் பார்க்கப் போயிருந்தார். அங்கே யாரோ தரைக்கல்லை மெஷினில் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வியாழக்கிழமை மேடம் வர்றாங்கம்மா… அறுபத்தி நாலு ரூமு…" என்றது போன். அப்புறம் கொர்ரென்று மெஷின் சத்தம். "…தட்டு… பாரும்மா. டீ, காப்பிக்கு… எது நல்லாருக்குன்னு…" மறுபடி கொர்ர். "உன்னை விட்டா வேற யாருக்குத் தெரியும்?"

அதோடு லைன் கட்.

எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தானோ, அன்றைக்கென்று பார்த்து மனிதர் ட்ரேயைத் தட்டு என்று சொல்லித் தொலைத்தார். ட்ரே என்று சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. 'அறுபத்தி நாலு ரூமுக்கும் புதுசா டீ ட்ரே வாங்கணும், நீயும் பார்த்து வை' என்றுதான் அவர் சொன்னது. ஆனால் ஆயுசில் பாதியைக் கதவு தட்டியே கழித்தவள் காதில் தட்டு என்று விழுந்தால் அவள் வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வாள்?

"ஏங்க! அறுபத்தி நாலு ரூமையும் தட்டிப் பாக்கச் சொல்றாருங்க! நாலு மாடியும்!"

அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வீட்டில் டீ அவன் இலாகா. வடிகட்டியும் கையுமாகத் திரும்பினான்.

"எதுக்காம்?"

"டீ, காப்பி எது நல்லாருக்குன்னு எல்லாரையும் கேக்கணுமாம். என்னை விட்டா ஆளில்லயாம். அவர் வாயாலயே சொன்னாரு."

"ரூமுக்கு மூணு தட்டுன்னா மொத்தம் எவ்வளவு?"

"நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு."

"விரல் என்னத்துக்கு ஆகும்? எண்ணெய் கிண்ணெய் தேய்ச்சுக்கோ," என்றான். அவளுக்கு அவன் கிண்டல் காதிலேயே ஏறவில்லை. அந்த டீயை அவள் குடித்தாளா, ஆறவிட்டாளா என்பது அவளுக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கே ஆரம்பித்துவிட்டாள். வழக்கமாக அறைக்குள் போவது பத்து மணிக்கு மேல், தங்கியிருப்பவர்கள் வெளியே கிளம்பிய பிறகு. அதாவது, அவள் போகிற நேரத்தில் எப்போதும் டீ குடித்து முடித்திருப்பார்கள். மனிதர்கள் அந்தக் கெட்டிலோடு என்ன பாடுபடுகிறார்கள் என்பதை அவள் கண்ணால் பார்த்ததே கிடையாது. அன்றைக்குத்தான் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முதல் மாடியில் ஒருவர் முகமெல்லாம் சவர நுரையோடு கதவைத் திறந்தார். "டீயா? நல்லாத்தான் இருக்கு. தண்ணி பிடிக்கிறதுக்குள்ளதான் உசுரு போகுது," என்றார். வாஷ்பேசின் குழாய் தாழ்வாக இருந்தது, கெட்டில் அதனடியில் நுழையவில்லை. பல் துலக்கும் டம்ளரில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார் மனிதர். "ஆறு தடவை நடந்தேம்மா. வாக்கிங் போற வேலை மிச்சம்."

இரண்டாம் மாடியில் ஒரு இளைஞன் கெட்டிலில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் அசடு வழிய, "அக்கா, உங்களுக்கு ஒண்ணு வேணுமா?" என்றான். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். வாய் குறுகலாக இருந்ததில் முட்டை உள்ளே போய்விட்டது, வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. "சொல்லிட மாட்டீங்கள்ல?" என்று கேட்டான். "சொல்ல மாட்டேன். எப்படி எடுக்கப்போறே, அதைச் சொல்லு," என்றாள்.

நாலாவது மாடியில் வேலை நிமித்தமாகத் தனியாக வந்திருந்த ஒரு அம்மா. பால்பவுடர் ஒரு கோப்பைக்கு ஒரு பொட்டலம் காணவே காணாது, இரண்டு வேண்டும் என்றார். "உங்க வீட்ல ஒரு கப்புக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க, தெரியும்." மூணுதட்டு அதை அப்படியே மனதில் குறித்துக்கொண்டாள்.

ஆனால் அவளை உலுக்கிப் போட்டது அவளுடைய சொந்த மாடிதான். முன்னூத்தி ஆறில் ஒரு தகப்பன் தரையில் குந்தியிருந்தான். கெட்டில் அவன் முன்னால் கார்ப்பெட்டில் இருந்தது, தளதளவென்று கொதித்துக்கொண்டு. இடக்கையில், தவழ்கிற குழந்தையின் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்திருந்தான். குழந்தை ஆவியைப் பார்த்துக் கை நீட்டி நீட்டிச் சிரித்தது. அவள் பாய்ந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"ஏன் சார் கீழ வச்சீங்க?"

"வேற எங்கம்மா வைக்கிறது? மேல இருக்கிற பிளக்குல ஃப்ரிட்ஜும் லைட்டும் இருக்கு. சும்மா இருக்கிற ஒரே பிளக் கட்டில் காலுக்குக் கீழ. இந்த வயரு ஒன்றரை முழம்கூட இல்ல."

அவள் குனிந்து பார்த்தாள். ஆமாம். அங்கிருந்து வெளியே வந்தவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டது போல மற்ற அறைகளுக்கும் ஓடினாள். தட்டினாள், கேட்டாள், எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு ஆள் இருந்த அறை நாற்பத்து மூன்று. அதில் இருபத்தாறில் கெட்டில் தரையில்தான் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. தரையில் கெட்டிலைப் பார்ப்பது அவளுக்கொன்றும் புதிதில்லை. பத்தொன்பது வருடமாக, 'படிச்ச மனுஷங்க, கண்ட இடத்துல வச்சிட்டுப் போறதைப் பாரு' என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துத் துடைத்து, கைப்பிடியை வலப்பக்கம் திருப்பி, ட்ரேயில் வைத்திருக்கிறாள். மேனேஜர் வந்து பார்க்கும்போது எல்லாம் அழகாக இருந்தது. குறை இருந்த இடத்தை ஒவ்வொரு நாளும் தன் கையாலேயே துடைத்து அழித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு மேலே, புதையல் எடுத்தவளைப் போல ஒரு சந்தோஷம். இது வேறு யாருக்குமே தெரியாது! அவளுக்கு மட்டும்தான் தெரியும்!

புதன்கிழமை காலை மேனேஜர் வந்தார். வந்ததும் வராததுமாகக் கூப்பிட்டனுப்பினார். அவள் வாயெல்லாம் பல்லாக ஓடினாள்.

"சார், எல்லா ரூமையும் தட்டிட்டேன் சார்!"

"அதைத்தான் கேக்கறேன். உன்னை யாரு தட்டச் சொன்னது?"

"நீங்கதான் சார். தட்டு, பாரும்மான்னீங்க."

மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ட்ரேம்மா! டீ ட்ரே! தட்டுன்னா தட்டு!" என்று காற்றில் இரண்டு கையாலும் ஒரு ட்ரேயைத் தூக்கிக் காட்டினார். ரிசப்ஷனில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மேனேஜர் விடவில்லை. மூன்று பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள், பயணக் களைப்பில் தூங்கிய ஒருவர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார், அது மேடம் கைக்கே போய்விட்டது. மேடம் என்பது ஓட்டலின் முதலாளி. நாற்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார், பேசினால் ஒரே போடுதான்.

"நாளைக்கு மேடம் வர்றாங்க. அதோட உன்னை லாண்டரிக்கு அனுப்பிடச் சொல்லிட்டாங்கம்மா. மாடிப் பக்கமே வேண்டாமாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

லாண்டரி நிலவறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க மெஷின் இரைச்சல், ஈரத்துணி, ஆவி. அங்கே தட்டுவதற்கு ஒரு கதவுகூடக் கிடையாது. மூணுதட்டு என்று பெயர் வாங்கியவள் அங்கே போய் எதைத் தட்டுவாள்? கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் நேற்றைய புதையல் உள்ளே இருந்து உந்திக்கொண்டே இருந்தது.

"சார், அப்போ ட்ரே?"

"மூணு சாம்பிள் வருது. கறுப்புதான் மேடத்துக்குப் பிடிக்கும். அதைப்பத்தி உனக்கென்ன இப்போ?"

"லாண்டரிக்குப் போறேன் சார். போகமாட்டேன்னு சொல்லலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்ங்க. சாம்பிளை ஆபீஸ் மேசைல வைக்காதீங்க. முன்னூத்தி ஆறுல வைங்க."

அவர் அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. "சரி, போ," என்றார்.

அன்று வீட்டில் புருஷன் மெதுவாக, "லாண்டரின்னா ஞாயித்துக்கிழமை லீவு கிடைக்கும்ல," என்று ஆரம்பித்தான். ஆறுதல் சொல்கிறானாம். அவள் பாய்ந்தாள். "லீவு கெடக்குது! மாடி போனாலும் போகட்டும்ங்க. அந்தம்மா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த ரூமுல அவங்க கையால டீ போட்டுப் பாக்கணும். அது போதும் எனக்கு!" அவன் அவள் கோப்பையில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டான்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு முன்னூத்தி ஆறாம் அறைக் கட்டில்மேல் மூன்று ட்ரேக்கள் உட்கார்ந்திருந்தன. கொண்டுவந்த விற்பனைக்காரர் கழுத்துப்பட்டையும் செண்ட் வாசனையுமாக நின்றார். முதலாவது கறுப்பு. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு; ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரமான கெட்டில், தங்க விளிம்புக் கோப்பைகள். இரண்டாவது மரப்பெட்டி; குட்டிக் குட்டி இழுப்பறை வைத்தது. மூன்றாவது சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரண ட்ரே, குட்டையான கெட்டில். "அது சும்மா, மூணு காட்டணுமேன்னு கொண்டாந்தது," என்றார் விற்பனைக்காரர்.

மேடம் கறுப்பைத் தொட்டுப் பார்த்தார். "அழகா இருக்கு," என்றார். மேனேஜர் தலையாட்டினார். விற்பனைக்காரர் பேனாவை எடுத்தார். மாடியில் அன்றுதான் கடைசி நாள் என்பதால் அவளும் கதவோரம் நின்றிருந்தாள். இப்போது வாய் திறக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை.

"மேடம், நீங்க அதுல ஒரு டீ போடுங்க."

அறையே திரும்பிப் பார்த்தது. விற்பனைக்காரர் முந்திக்கொண்டு, "மேடம் எதுக்கு? நான் போட்டுத் தர்றேன்," என்றார்.

"நீங்க போடக்கூடாது சார். இந்த ரூமுக்கு யார் வந்தாலும் அவங்களேதான் போட்டுக்கணும். கூடவே நீங்க வர மாட்டீங்கள்ல?"

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கதவைத் தட்டினது நீங்கதானே?" என்றார். "ஆமாம் மேடம்." மேடம் கறுப்புக் கெட்டிலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம். மறுபடி திறக்கும் சத்தம். பிறகு, "அட!" என்று ஒரு குரல். திரும்பி வந்தபோது மேடத்தின் ஒரு கை முழங்கை வரை நனைந்திருந்தது. ஒரு கையில் கெட்டில், இன்னொரு கையில் பல் துலக்கும் டம்ளர். மேனேஜர் துண்டை நீட்டினார். மேடம் வாங்கவில்லை. பிளக் தேடினார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பார்த்தார், விளக்குக்குப் பின்னால் பார்த்தார், மேசைக்கடியில் பார்த்தார். கடைசியில் கட்டில் காலருகே குனிந்தார். வயரை இழுத்துப் பார்த்தார், எட்டவில்லை. கெட்டிலைத் தரையில் வைத்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத உடையோடு அறுபத்து நாலு அறைக்குச் சொந்தக்காரர் கார்ப்பெட்டில் மண்டியிட்டார்.

விற்பனைக்காரர் பேனாவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் இங்கதான் போடறாங்களா?" தரையிலிருந்தே கேட்டார் மேடம்.

"நாப்பத்தி மூணு ரூமுல இருபத்தி ஆறு மேடம். இதே இடத்துல முந்தாநாள் தவழ்ற குழந்தை ஒண்ணு இருந்துச்சு. அப்பா காலரைப் பிடிச்சிருந்தாரு."

மேடம் கெட்டிலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இத்தனை வருஷமா ஏன் யாரும் சொல்லல?"

மேனேஜர் முகம் சுண்டிவிட்டது. அவர்மேல் ஒரு வார்த்தை போட்டுவிட்டுத் தப்பித்திருக்கலாம். போடவில்லை அவள்.

"நான்தான் மேடம் காரணம். தெனம் நானே எடுத்துத் துடைச்சு மேல வச்சிட்டேன். சார் வந்து பாக்கும்போது எல்லாம் சரியா இருந்துது. தப்பாப் புரிஞ்சுக்கிட்டு அன்னைக்கு அவ்வளவு சீக்கிரம் தட்டலைன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது."

மேடம் எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சரி. மரப்பெட்டி?" என்றார், அவளைப் பார்த்து. விற்பனைக்காரரையும் பார்க்கவில்லை, மேனேஜரையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

பத்தொன்பது வருடத்துப் பேச்சும் அணை உடைந்த மாதிரி வந்தது. "சார், அதைப் பதினாறு தடவை தூக்கி இறக்குங்க," என்றாள் விற்பனைக்காரரிடம். அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். ஏழாவது தடவையில் சிரிப்பு நின்றது. "நாங்க தெனம் துடைக்க அதைத் தூக்கணும்ல? மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்? அந்த இழுப்பறை மூலையில சர்க்கரை கொட்டினா குச்சி விட்டுத்தான் நோண்டணும்." சாம்பல் ட்ரேயை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினாள். விளிம்பு உயரம், சிந்தினாலும் வழியாது. கெட்டில் குட்டை, குழாயடியில் நுழையும். வாய் அகலம். "இதுல முட்டையே போட்டாலும் வெளிய எடுத்துடலாம் மேடம்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கெட்டிலின் பீடத்தைக் கவிழ்த்தாள். அடியில் நீளமான வயர் சுருண்டு படுத்திருந்தது. வேண்டிய மட்டும் உருவிக்கொள்ளலாம். உருவினாள். கட்டில் காலடியிலிருந்து சுவரோரமாகப் போய் ஃப்ரிட்ஜின் தலைவரை ஏறி நின்றது வயர். "எட்டுது!" என்று கத்தியேவிட்டாள். "எட்டுது மேடம்!"

மேனேஜர் தன்னையறியாமல் கைதட்டினார்.

"இதுவே இருக்கட்டும்," என்றார் மேடம். விற்பனைக்காரர் பேனாவை மறுபடி வெளியே எடுத்தார். "வேற ஏதாவது?"

"பால்பவுடர் ரெண்டுக்குப் பதிலா நாலு வைக்கணும் மேடம். வீட்ல போட்டுப் பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரியும்."

மேடம் மேனேஜரைக் கீழே அனுப்பி நாலு பொட்டலம் எடுத்துவரச் சொன்னார். விற்பனைக்காரரும் சாம்பல் ட்ரேயை மட்டும் விட்டுவிட்டு மற்ற சாமான்களோடு கிளம்பினார். சாம்பல் கெட்டிலில் மேடமே தண்ணீர் பிடித்தார், மேலேயே வைத்துக் கொதிக்கவிட்டார், இரண்டு கோப்பையில் ஊற்றினார்.

"உக்காருங்க."

ஜன்னலோரத்து நாற்காலி. அதை அவள் ஆயிரக்கணக்கான தடவை துடைத்திருக்கிறாள், ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். லாண்டரியைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. மேடமே பேசினார்.

"கிளை விடுதில பதினெட்டு ரூம் இருக்கு. அடுத்த மாசம் திறந்ததும் அங்கயும் போய்த் தட்டிப் பாருங்க. அங்கயும் தட்டு உங்க பொறுப்புதான்." கொஞ்சம் நிறுத்தி, "பத்து மணிக்கு மேல," என்றார்.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சரி மேடம் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் கதவில் சத்தம். டொக், டொக், டொக். மேனேஜர் பால்பவுடரோடு வந்துவிட்டார்.

"ஹவுஸ்கீப்பிங்!" என்றாள் அவள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, உரக்க.

வெளியே மேனேஜர் குழம்பிப்போய் நின்றுவிட்டார் போலிருக்கிறது, சத்தமே இல்லை. மேடத்துக்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க உள்ள இருக்கீங்க. உள்ள இருக்கிறவங்க வாங்கன்னு சொல்லணும்."

ஆமாம் இல்லையா? உள்ளேதான் இருந்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வாங்க," என்றாள்.